குடி பிரிந்த ஞாயிறு

காலை ஏழேகாலுக்கு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறினால்
ஒன்பதரைக்குள் நான் கிராமத்தாளாகிவிட வேண்டும்.
ஆனேக்கல் தாண்டி ஒரு மூங்கில் வளைவு,
அதன்மேல் மூன்று மொழியில் 'ஜேனூர்'.
அந்தப் பெயரில் ஊரே கிடையாது என்பது
வேலைக்காரர் பதினோரு பேருக்கும் தெரியும்,
மாடுகளுக்கும் தெரிந்திருக்கும்.

கட்டம் போட்ட சேலை கம்பெனி கொடுத்தது.
மூக்குத்தி அழுத்தினால் நிற்கும்.
பொட்டுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தேன்,
மகிமை மேரி வீட்டில் அது வழக்கமில்லை.
சாயங்காலம் கழிவறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வருவேன்.
வாரத்துக்கொன்றாக வரிசை நீள்கிறது.

ஆட்டுக்கல்லில் அரைக்கப் பழகியது இங்கேதான்,
இருபத்தொன்பதாம் வயதில், யூடியூப் பார்த்து.
வாரநாளில் பீன்யாவில் சட்டைக் காலர் தைக்கிறேன்.

தேன்பெட்டி இருபதும்
சீசனுக்குக் குடகிலிருந்து லாரியில் வந்தவை.
அவற்றுக்கு யாரும் சேலை கட்டிவிடவில்லை.
"ராணி ஒருத்திதான், மேடம்.
தனித் தேனீ ஓர் இரவு தாங்காது, சார்."
வலைமுகமூடி மாட்டிவிட்டபடி இதை நான்
கன்னடத்தில், இந்தியில், அரைகுறை இங்கிலீஷில் சொல்வேன்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு, பதினொன்றேமுக்கால்.
ஒன்பதாம் பெட்டி குடி பிரிந்தது.
மாவு மில் ஓடுகிற சத்தம் மேலே எழும்பி
ராகிக் களி பரிமாறிய பந்தியை ஒருமுறை சுற்றி
வெள்ளை இன்னோவாவின் பக்கக் கண்ணாடியில் இறங்கி
தாடியாய்த் தொங்கியது.

பாதிப்பேர் ஓடினார்கள், பாதிப்பேர் படம் பிடித்தார்கள்.
மேனேஜர் தீயணைப்புக் கருவியைத் தேடினார்.
பெட்டிக்காரர் போனை எடுக்கவில்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான்தானே ஊர்க்காரி.

கார்க்காரர் ஒயிட்ஃபீல்ட். பதிவேட்டில் 'ராஜ் பி.'
ஆளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு கட்டி
மகளுக்குக் கிராமம் காட்ட வந்தவர்.
காலையில் ஏர் பிடிக்கச் சொன்னபோது
எல்லோரையும்போலக் கோணலாகத்தான் பிடித்தார்.

இப்போது கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.
போட்டோக் குடிசையில் அழகுக்கு மாட்டியிருந்த கூடையைக் கேட்டார்,
உள்ளே பழைய மெழுகைத் தேய்த்தார்,
தொங்கும் கூட்டத்துக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தார்.
முகமூடி கேட்கவில்லை.
"மேலேதான் ஏறும். அவசரப்படுத்தினா போயிடும்,"
என்றார் ஹாசன் பக்கத்துக் கன்னடத்தில்.
காலையில் இவரிடம் அந்தக் கன்னடம் இல்லை.

நாற்பது நிமிஷம்.
அவர் கை நடுங்கத் தொடங்கியபோது
மறு விளிம்பை நான் பிடித்தேன்.
"உங்க ஊர் எது?"
"ஸ்ரீராமபுரம். ரயில்வே லைன் பக்கம்."
அவர் சிரித்ததில் கூடை அசைந்தது.
என் மணிக்கட்டில் ஒன்று கொட்டியது.
கையை எடுக்கவில்லை நான்.
"என் பேர் புட்டராஜு," என்றார்.
மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

மாலைக்குள் மேனேஜர் வீடியோ போட்டுவிட்டார்:
'எங்கள் ஊர்ப் பாரம்பரியம்.'
அதில் புட்டராஜுவின் கை மட்டும் வருகிறது.
மேலே என் முகம், மூக்குத்தியோடு.

சேலை மாற்ற நேரமில்லை, அப்படியே பஸ் ஏறினேன்.
சில்க் போர்டு நெரிசலில்
முந்தானை மடிப்புக்குள் ஏதோ ஊர்ந்தது.
உதறவில்லை. பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லவுமில்லை.
மெஜஸ்டிக்கில் பஸ் மாறியபோதும் அது இறங்கவில்லை.

வீட்டில் ஒரு தம்ளர்,
பஞ்சில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர்,
மேலே ஊசியால் குத்திய காகிதம்.
மிக்சி போடாமல் ரசம் வைத்தேன்.

தனித் தேனீ ஓர் இரவு தாங்காது.
மூன்று மொழியில் சொல்கிறவள் நான்தான்.
தமிழில் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

விளக்கை அணைக்காமல் படுத்தேன்.
மணிக்கட்டு வீங்கியிருந்தது.
திங்கள் ஷிஃப்ட் எட்டரைக்கு.